கயிறில்லாத சூத்திரதாரி

ராமாயணக் காலட்சேபத்தில் மாரீசன் பொன்மானாக வந்து துள்ளும் கட்டம் நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மேலே என்ன நிகழப் போகிறது என்பதை அறியாதவர் கூட்டத்தில் ஒருவருமில்லை. ஆயினும், "அப்பனே, அந்த மானுக்குப் பின்னால் போகாதே!" என்று கூவித் தடுத்துவிட வேண்டும் போல் எத்தனை பேருடைய நெஞ்சு துடிக்கிறது! ஆனால் எவரும் கூவுவதில்லை. கூவியும் பயனில்லை. ராமன் போகவே போவான். பாகவதரும் சுருதி பிசகாமல் அடுத்த கீர்த்தனையை எடுப்பார்.

அவ்விதமின்றி, முன்வரிசையில் உள்ள பாட்டியம்மாள் ஒருவர் எழுந்து தடுக்க, ராமனும் "பாட்டி சொல்வது நியாயந்தான்" என்று வில்லைக் கீழே வைத்துவிட்டால் பாகவதரின் கதி என்ன? சுந்தர காண்டமும் இல்லை. யுத்த காண்டமும் இல்லை. பட்டாபிஷேகத்துக்கென்று வாங்கி வைத்த பழமும் தேங்காயும் வீண்! அந்த நிமிஷத்தில் முகம் கோணாமல், "நல்லது. மான் சற்றுத் தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறது. சீதையின் கண்களில் நீர் ததும்புகிறது. இப்போது என்ன செய்கிறாய், ராமா?" என்று கேட்கக் கூடிய பாகவதர் ஒருவர் இருப்பாரானால், நாம் இங்கே சொல்லப் புகுந்த விளையாட்டை நடத்துவதற்கு அவரே ஏற்ற மனிதர்.

விளையாட்டின் வரலாறு

அமெரிக்காவில் 1974-ஆம் வருஷம் ஒரு சிறு பெட்டி விற்பனைக்கு வந்தது. அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. முதலில் அச்சிட்டவை 1000 பிரதிகளே. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என்று நாம் பொருள் கொள்ளலாம். அதை இயற்றியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர்.

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வீரன்; ஒருவர் மந்திரவாதி; ஒருவர் பூசாரி; ஒருவர் திருடன். வேஷமும் இல்லை, மேடையும் இல்லை. அவரவர் பாத்திரத்தின் பலமும் பலவீனமும் எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். இன்னொருவர், 'டன்ஜன் மாஸ்டர்' என்பவர், எதிரே உட்கார்ந்து உலகத்தை வர்ணிக்கிறார். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அவர்கள் சொல்லுகிறார்கள். காரியம் பலிக்குமா என்ற ஐயம் எழுந்தால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. இந்த டன்ஜன் மாஸ்டரை நமது நாடக மரபை ஒட்டிச் சூத்திரதாரி என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

இவ்விளையாட்டு பிறந்த விதமே ரஸமானது. 1969-இல் மின்னஸோட்டா மாகாணத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து யுத்த விளையாட்டு ஒன்றை நடத்தினார். வழக்கம் போல் ஆளுக்கொரு படையைக் கொடாமல், ஒரு ஜெர்மானிய ஊரில் வாழும் தனி மனிதரின் பாத்திரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசவும் பேரம் பண்ணவும் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் கை மீறிப் போய்விட்டது, முயற்சி தோல்வி என்று வெஸ்லி எண்ணினார். ஆட்டக்காரர்களோ, "மறுபடி எப்போது?" என்று கேட்டார்கள். அந்தக் கோஷ்டியைச் சேர்ந்த ஆர்னெஸன் பிறகு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை அமைத்து, அதில் இம்முறையை வளர்த்தார். ஆகவே, நடத்துபவரின் கை மீறிப் போவது இவ்விளையாட்டுக்குப் பிற்பாடு வந்த நோயல்ல. அதுதான் இதன் பிறப்பு.

அச்சிட்ட சாகஸம்

சூத்திரதாரி உலகம் முழுவதையும் தாமே கற்பனை செய்ய வேண்டுமானால் எத்தனை பேரால் முடியும்? ஆகையால் ஆயத்தமான சாகஸங்களைப் புத்தகமாக அச்சிடும் வழக்கம் விரைவில் ஏற்பட்டது. இதற்குப் போட்டிகளும் ஒரு காரணம். பெரிய விளையாட்டு மகாநாடுகளில் பல மேஜைகளில் ஒரே சமயத்தில் ஆடுகிறவர்களை ஒப்பிட வேண்டுமென்றால், எல்லா மேஜைக்கும் ஒரே சாகஸம் வேண்டுமல்லவா? 1975-இல் அத்தகைய ஒரு மகாநாட்டில் ஆடப்பட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கைகாக்ஸின் சாகஸம் 1978-இல் புத்தகமாக வந்தது.

அக்காலத்துப் புத்தகங்களில் இருவகைப் போக்கைக் காணலாம். மைக் கார் எழுதிய 'இன் ஸர்ச் ஆஃப் தி அன்னோன்' புதிய சூத்திரதாரிகளுக்காக ஏற்பட்டது. அதில் அறைகளின் வர்ணனை இருக்கும். ஆனால் எந்த அறையில் எந்த விலங்கு, எந்தப் புதையல் என்பதற்கு இடம் காலியாக விடப்பட்டிருக்கும். நடத்துகிறவரே நிரப்பிக் கொள்ள வேண்டும். இதை இடத்தைச் சொல்லும் புத்தகம் என்போம்.

1984-இல் வெளிவரத் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வரிசை வேறு மாதிரி. ஒரு பெரிய இதிகாசத்தின் கதாபாத்திரங்களாகவே ஆட்டக்காரர்கள் நடக்க வேண்டும்; அதே கதை நாவலாகவும் வெளிவந்தது. முக்கியமான ஒருவர் இடையில் இறந்துவிட்டால் கதை நின்று போகுமே! அதற்கும் விதி ஏற்படுத்தினார்கள். அத்தகையவருடைய உடல் கண்ணுக்கு அகப்படாதபடி மறைந்து போக வேண்டும். வேண்டிய போது அவர் உயிரோடு திரும்பி வரலாம். இது கதையைச் சொல்லும் புத்தகம். படிப்பதற்கு மிகவும் சுவையானது. ஆனால் ஆடுகிறவன் கத்தியை வீசினாலும் வீசாவிட்டாலும் முடிவு ஒன்றே என்றால், அவன் கையில் கத்தி எதற்கு?

இதே வரிசையைத் தொடங்கிய டிரேஸி ஹிக்மன், தம் மனைவி லாராவுடன் சேர்ந்து எழுதி 1983-இல் வெளியிட்ட 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகஸத்தில், இரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனுடைய கோட்டையில் முக்கியப் பொருள்கள் எங்கே இருக்கின்றன, அவனுடைய நோக்கம் என்ன என்பவற்றைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும்படி அமைத்தார். ஒரே ஆசிரியரின் கை இரண்டு பக்கமும் இழுத்திருக்கிறது என்பதிலிருந்தே இச்சிக்கல் எவ்வளவு உண்மையானது என்று விளங்கும்.

அறுபத்து நான்கு பக்கம்

இனி, ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொண்டு பார்ப்போம். 2014-இல் தொடக்கக்காரர்களுக்கென்று ஒரு பெட்டி வெளியாயிற்று. அதில் விதிகளுக்கு 32 பக்கத்தில் ஒரு புத்தகம், ஆறு பகடைகள், ஆயத்தமான ஐந்து பாத்திரங்களின் தாள்கள், 64 பக்கத்தில் ஒரு சாகஸம். சாகஸத்தின் பெயர் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்'. ரிச்சர்ட் பேக்கர், கிறிஸ்டஃபர் பெர்க்கின்ஸ் என்ற இருவர் எழுதியது. 2023-இல் இதையே விரிவுபடுத்திப் பெரிய நூலாகவும் வெளியிட்டார்கள்.

கதையின் தொடக்கம் எளியது. கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற குள்ளர் இனத்தவர், நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபாண்டலின் என்ற சிற்றூருக்கு ஒரு மாட்டு வண்டிச் சாமான்களைக் கொண்டு சேர்க்கும்படி நமது ஐவரை நியமித்திருக்கிறார். ஆளுக்குப் பத்துப் பொற்காசு கூலி. தாம் சில்டார் என்ற வீரருடன் குதிரையில் முன்னால் போயிருக்கிறார். வழியில் இரண்டு குதிரைகள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கின்றன. புதரில் நான்கு 'காப்ளின்'கள், அதாவது குட்டிச் சாத்தான்களைப் போன்ற ஜந்துக்கள், பதுங்கியிருக்கின்றன. சண்டைக்குப் பிறகு அவற்றின் அடிச்சுவட்டைத் தொடர்ந்தால் ஒரு குகை. குகையில் சில்டார் கைதியாக இருக்கிறார். கண்ட்ரனோ கிராக்மா கோட்டைக்குக் கொண்டு போகப்பட்டிருக்கிறார். இவ்வளவுக்கும் பின்னால் பழைய மந்திரச் சுரங்கம் ஒன்றைக் கைப்பற்ற நினைக்கும் வில்லன் ஒருவன்.

இப்புத்தகத்தை எவ்வாறு படிப்பது? முதல் தடவை நாவலைப் போல் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். இரண்டாம் தடவை பென்ஸிலைக் கையில் வைத்துக் கொண்டு, என்ன நடக்கும் என்பதைக் குறிக்காமல், யாருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் குறிக்க வேண்டும். நாம் கண்ட வரையில் இதற்கு ஒரு தாளின் ஒரு பக்கமே போதும்.

உதாரணமாக, குகையின் தலைவனுக்கு கிளார்க் என்று பெயர். (நேயர்கள் குமாஸ்தா என்று எண்ணிவிட வேண்டாம், உடம்பெல்லாம் மயிர் மூடிய பெரிய அரக்கன்.) அவனுக்கு வேண்டியது வழிப்பறிக் கொள்ளை. அவனுக்குக் கீழே யீமிக் என்ற காப்ளின் ஒன்று. அதற்கு வேண்டியது கிளார்க்கின் பதவி. ஆகையால், "கிளார்க்கின் தலையைக் கொண்டு வாருங்கள், சில்டாரை விட்டுவிடுகிறேன்" என்று அது பேரம் பேசும். தலை வந்த பிறகும் பணம் கொடு என்று வாக்குத் தவறும். இந்த ஆசைகளைத் தெரிந்து கொண்டுவிட்டால், ஆட்டக்காரர்கள் எந்தத் திசையில் திரும்பினாலும் சூத்திரதாரி திகைக்க வேண்டியதில்லை. கதையை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரே வழிதான் தெரியும். ஆசைகளை அறிந்தவனுக்கு ஊரே தெரியும்.

பெட்டியிலுள்ள ஐந்து பாத்திரங்களுக்கும் இவ்வாறே ஆசைகள் உண்டு. குள்ளர் இனத்துப் பூசாரி கண்ட்ரனுக்கு உறவு. திருடனுக்கு ஃபாண்டலினில் ஓர் அத்தை இருக்கிறாள். அங்கே கொட்டமடிக்கும் 'ரெட்பிராண்ட்' போக்கிரிகளால் வஞ்சிக்கப்பட்டவன் அவன். 'எல்ஃப்' இனத்து மந்திரவாதிக்கோ, காப்ளின்கள் அசுத்தம் செய்துவிட்ட தன் தெய்வத்தின் பலிபீடத்தைக் கிராக்மா கோட்டையில் மீண்டும் புனிதமாக்க வேண்டுமென்ற விரதம். தாள்களைக் கொடுக்கும் போதே இவற்றை உரக்கப் படிக்கச் சொல்வது நல்லது. பிறகு கதையை இழுத்துச் செல்ல வேண்டிய பாரம் சூத்திரதாரியின் தோளில் மட்டும் விழாது.

இரண்டு மாடுகள்

நம்மிடம் முன்பு பாடம் கேட்ட ஐந்து இளைஞர்களுக்கு இச்சாகஸத்தை நாம் நடத்தினோம். சனிக்கிழமை தோறும் மூன்று மணி நேரம். முடிய பதினான்கு வாரங்கள் ஆயின.

முதல் வாரத்திலேயே புத்தகத்தின் பாதை மாறிற்று. காப்ளின்களை முறியடித்த பின், அடிச்சுவட்டைத் தொடர்வதா வேண்டாமா என்று விவாதம் மூண்டது. பூசாரியாக ஆடிய பெண், "கண்ட்ரன் என் சொந்தக்காரர். இப்போதே போக வேண்டும்" என்றாள். திருடனாக ஆடியவன், "ஸார், வண்டியைச் சேர்க்கத்தானே கூலி? நடுக்காட்டில் மாட்டை விட்டுவிட்டுப் போனால் சாமானும் போகும், கூலியும் போகும்" என்றான். கைகளை உயர்த்தி எண்ணினார்கள். வண்டி ஊருக்குப் போவது என்று மூன்றுக்கு இரண்டாக முடிவாயிற்று.

இவ்விடத்தில்தான் சூத்திரதாரிக்குச் சோதனை. அடுத்து நாம் ஆயத்தம் செய்து வைத்திருந்தது குகை. "வண்டியின் அச்சு முறிந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐவரும் குகைக்குத்தான் போக வேண்டும். மிகவும் சுலபம். ஆனால் அப்படிச் சொல்லிய கணத்தில், அவர்கள் கை உயர்த்தி எண்ணியது வெறும் வேடிக்கையாகிவிடும். அதற்கு மேல் எண்ணுவதற்கு அவர்களுக்கு மனம் வருமா? வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. கூலியும் கிடைத்தது.

பிறகு தாளை எடுத்துப் பார்த்தோம். யீமிக்குக்கு என்ன வேண்டும்? தலைவன் பதவி, அது இல்லையேல் பணம். கைதி கையில் இருக்கிறார். தேடி ஒருவரும் வரவில்லை. அது சும்மா இருக்குமா? இரண்டாம் வாரம், இருட்டும் நேரத்தில், ஊர் எல்லையில் ஒரு காப்ளின் வெள்ளைத் துணியை ஆட்டிக் கொண்டு நின்றது. அதன் கையில் சில்டாரின் மேலங்கி. ஐம்பது பொற்காசு கொடுத்தால் ஆள் உயிரோடு வருவார் என்றது. இது புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் புத்தகத்திலுள்ள யீமிக் செய்யக் கூடிய காரியந்தான்.

ஐவரிடமும் ஐம்பது காசு இருந்தது, கஷ்டப்பட்டுச் சேர்த்தால். கொடுக்கத்தான் மனமில்லை. அப்போது மந்திரவாதியாக ஆடிய இளைஞன் - கோஷ்டியில் வயதில் சிறியவன், அதுவரையில் அதிகம் பேசாதவன் - "காப்ளின் காசை வைத்துக் கொண்டு எந்தக் கடையில் என்ன வாங்கும்? அதற்குப் பசிதானே? இரண்டு மாடுகளைக் கொடுக்கலாம்" என்றான். உடனே இன்னொரு விவாதம்! மாடு நம்முடையதா? நம்பிக்கை வைத்து ஒப்படைத்தவர் கண்ட்ரன் அல்லவா? பிறர் பொருளைக் கொடுத்து ஓர் உயிரை மீட்பது தர்மமா, அதர்மமா? அரை மணி நேரம் பகடைக்கு வேலையே இல்லை. கடைசியில் பூசாரிப் பெண், "மாடு என் சொந்தக்காரருடையது. அவரைக் கண்டுபிடிக்கும் நாளில் நானே அவருக்குப் பதில் சொல்லிக் கொள்கிறேன். கொடுங்கள்" என்றாள். இரண்டு மாடுகளுக்குச் சில்டார் வந்து சேர்ந்தார்.

பகடையின் நேர்மை

சூத்திரதாரி தமது குறிப்புகளை மறைத்துக் கொள்ள எதிரே ஓர் அட்டைத் தட்டியை நிறுத்திக் கொள்வது வழக்கம். அதற்குப் பின்னால் பகடையையும் உருட்டலாமா என்பது இவ்விளையாட்டில் பழைய வழக்கு. மறைவில் உருட்டினால், விழுந்த எண் கொடியதாக இருக்கும் போது சற்று மாற்றிச் சொல்லி ஒருவரைக் காப்பாற்றலாம். கதை கெடாது என்பது ஒரு கட்சி. எல்லார் கண்ணுக்கும் தெரிய உருட்ட வேண்டும் என்பது மறு கட்சி. முதற் கட்சியில் கருணை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நமது ஓட்டு இரண்டாவதற்கே. எதற்கென்று சொல்லுகிறோம்.

தண்டர்ட்ரீ என்ற பாழடைந்த ஊர் ஒன்று சாகஸத்தில் வருகிறது. அங்குள்ள கோபுரத்தில் வெனம்ஃபாங் என்ற பச்சை நாகம் குடியேறியிருக்கிறது. அது விடும் விஷ மூச்சுக்கு ஆறு முகப் பகடை பன்னிரண்டை உருட்டிக் கூட்ட வேண்டும், சராசரி 42. அவ்விடத்துக்கு வரும் வீரர்கள் மூன்றாம் படியில் இருப்பார்களானால், மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 20 தான். ஆக, புத்தகம் தெரிந்தே ஆட்டக்காரர்களின் சக்திக்கு மிஞ்சிய ஆபத்தை அங்கே வைத்திருக்கிறது. அதில் தவறில்லை. உலகத்தில் ஆபத்துக்கள் நம் உயரத்துக்கு அளவெடுத்தா வருகின்றன? ஆனால் அதற்கு ஈடாகச் சூத்திரதாரிக்கு ஒரு கடமை உண்டு. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை முன்கூட்டியே, ஐயத்துக்கிடமின்றித் தெரியப்படுத்த வேண்டும். தெரியாமல் விழுந்தால் அது குழி. தெரிந்து இறங்கினால்தான் அது துணிச்சல்.

அவ்வூரில் வசிக்கும் ரைடாத் என்ற துறவி வாயிலாக நாகத்தின் பருமனையும், விஷ மூச்சையும், அது பேசிக் கெடுக்கும் வஞ்சகத்தையும் நாம் சொன்னோம். கோபுரத்தைச் சுற்றி இலைகள் கருகிக் கிடப்பதையும் சொன்னோம். ஐவரும் கேட்டார்கள், கலந்து பேசினார்கள், போவதென்று தீர்மானித்தார்கள்.

நாகம் மூச்சை விட்டது. அதன் எல்லைக்குள் அகப்பட்டவர்கள் பூசாரியும் மந்திரவாதியும். குள்ளர் இனத்துக்கு விஷத்தைத் தாங்கும் சக்தி உண்டு, பூசாரி பிழைத்தாள். மந்திரவாதி தப்பிக்க மொத்தம் 14 வேண்டும். இளைஞன் பகடையை உருட்டினான். 7 விழுந்தது, உடற்கட்டுக்கு 2 சேர்த்தால் 9. பிறகு நாம் பன்னிரண்டு பகடைகளையும் மேஜை நடுவில் எல்லாரும் காண உருட்டினோம். கூட்டியவர்கள் அவர்களே. 43. உயிர்ப்புள்ளி தீர்ந்த பிறகும் மீந்து நிற்கும் அடி, ஒருவனுடைய முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் உடனே மரணம் என்பது விதி. மீந்தது 23. மேஜையில் ஒருவரும் பேசவில்லை.

மற்ற நால்வரும் அவன் உடலைத் தூக்கிக் கொண்டு வெளியேறினார்கள். நாகம் துரத்தவில்லை, அதற்கு வேண்டியது கோபுரம், அது அதனிடமே இருந்தது. இளைஞன் தன் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டான். அடுத்த வாரம் வருவானோ மாட்டானோ என்று நமக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வந்தான். வந்தவனுக்கு ஆடப் பாத்திரம் வேண்டும். "சில்டார் நம்முடன்தானே இருக்கிறார்? அவரை இவன் எடுத்துக் கொள்ளட்டுமே!" என்றாள் பூசாரிப் பெண். அவன் யோசனையால் இரண்டு மாடுகளுக்கு மீட்கப்பட்ட அதே சில்டார்! கோட்டைக்கு வழியை ரைடாத் சொல்லியிருந்தார். ஐவரும் கிராக்மா கோட்டைக்குப் போனார்கள். கண்ட்ரன் அங்கே கைதி. அவரை மீட்பதற்கே முதலிடம் கொடுப்பார்கள் என்று நாம் எண்ணினோம். கண்ட்ரனை மீட்டார்கள். பிறகு, ஒருவர் கேட்காமலே, அசுத்தமாகிக் கிடந்த பலிபீடத்தின் முன்னால் நின்றார்கள். அது எல்ஃப் மந்திரவாதியின் விரதமல்லவா? அவன் இறந்துவிட்டான். அந்த விரதத்தை முடித்து வைப்பதால் மற்றவர்களுக்குப் பொற்காசு ஒன்றுமில்லை. வெளியே காவலர் விழித்துக் கொள்ளும் அபாயந்தான் உண்டு. திருடனாக ஆடியவன், கூலிக்காக வண்டியை முதலில் ஓட்டச் சொன்னவனே, "நான் வாசலில் காவல் நிற்கிறேன். நீங்கள் கழுவி முடியுங்கள்" என்றான்.

தட்டிக்குப் பின்னால் 43-ஐ 30 என்று நாம் மாற்றிச் சொல்லியிருந்தால் மந்திரவாதி மூர்ச்சையோடு பிழைத்திருப்பான். ஆனால் அந்த வாசல் காவல் நடந்திராது. மரணம் மெய்யாக இருந்தபடியால் சிநேகமும் மெய்யாயிற்று. விளையாட்டில் இழப்பு என்பது இல்லையென்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், வெற்றியும் சூத்திரதாரி கொடுத்த மிட்டாயாகிவிடும்.

சில யோசனைகள்

நடத்த விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. பகடையை வெளியில் உருட்டுவதா மறைவிலா, பாத்திரங்கள் இறக்கலாமா, எந்த விஷயங்கள் மேஜைக்கு வரலாகாது என்பவற்றை முதல் நாளே அனைவருமாகக் கூடித் தீர்மானித்துக் கொள்ளுங்கள். நடுவில் மாற்றும் விதி எல்லாம் அநீதி போலவே தோன்றும். குழந்தைகளோடு ஆடினால் மரணத்துக்குப் பதில் சிறைப்படுதல் என்று வைத்துக் கொள்ளலாம். முதல் சண்டைக்கு இச்சாகஸமே அப்படியொரு வழியைச் சொல்லுகிறது: காப்ளின்கள் வென்றுவிட்டால் வீரர்களைக் கொல்லாமல் மூர்ச்சையாக விட்டுக் கொள்ளையடித்துப் போகும்.

கட்டம் கட்டி அச்சிட்ட வர்ணனைகளை எழுத்துக்கு எழுத்து வாசிக்க வேண்டாம். நான்கு வரிக்கு மேல் வாசித்தால் எதிரே கொட்டாவி கிளம்பும். பார்த்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்தினால், அவர்களே கேள்வி கேட்பார்கள். பேசாமல் இருப்பவரைப் பேசும்படி வற்புறுத்தலாகாது. அவருடைய பாத்திரத்துக்கு வேண்டிய பொருளை அவர் கண்ணில் படும்படி வைத்தால் போதும். தெரியாத விதி குறுக்கிட்டால் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டு பத்து நிமிஷம் மௌனம் சாதியாமல், நியாயமாகத் தோன்றுவதைத் தீர்ப்பாகச் சொல்லி, வீட்டுக்குப் போய்ச் சரி பார்த்துக் கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. சூத்திரம் என்றால் கயிறு. சூத்திரதாரி என்றால் கயிற்றைப் பிடிப்பவன். தமிழில் நூல் என்ற ஒரே சொல் இழைக்கும் வழங்குகிறது, புத்தகத்துக்கும் வழங்குகிறது. நடத்துகிறவர் நூலைக் கையில் வைத்திருக்கலாம், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவை பொம்மைகள் அல்ல. நூலைப் படிப்பதற்கு வைத்துக் கொள்ள வேண்டுமே தவிர, கட்டி ஆட்டுவதற்கு வைத்துக் கொள்ளலாகாது. பிறருக்குச் சுதந்திரம் கொடுப்பதாக வாயால் சொல்வது எளிது. அவர்கள் அதை உபயோகித்து நம் ஆயத்தங்களைப் புரட்டிப் போடும் போது முகம் சுளிக்காமல் "அப்புறம்?" என்று கேட்பதுதான் கடினம்.

அப்படிக் கேட்கப் பழகிக் கொண்டவருக்குப் பலன் இல்லாமற் போகவில்லை. மேஜையைச் சுற்றியுள்ள ஆறு பேரில் புத்தகத்தை முழுவதும் படித்தவர் அவர் ஒருவரே. கதை முழுவதும் தமக்குத் தெரியும் என்று எண்ணி வந்தவரும் அவர் ஒருவரே. அடுத்த சனிக்கிழமை என்ன ஆகுமோ என்ற ஆவல் மற்ற ஐவரையும் விட அவருக்கே அதிகமாக இருக்கும்.